பஸ் ஸ்டாப் என்றொரு பள்ளம்

லண்டனில் மலை இல்லை என்பதை எனக்கு முதலில் சொன்னவர் விமான நிலையத்துச் சுங்க அதிகாரி. நிமிர்த்தினால் என் உயரம் வரும் அட்டைப்பெட்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, உள்ளே என்ன என்று கேட்டார். சைக்கிள் என்றேன். என்ன மாதிரி சைக்கிள்? மலையில் ஓட்டுகிற சைக்கிள். எங்கே தங்கப் போகிறீர்கள்? குட்மேய்ஸில். அவர் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "குட்மேய்ஸில் இருப்பதிலேயே உயரமான இடம் ரயில் நிலையத்து நடைமேம்பாலம்தான். பார்த்து இறங்குங்கள்" என்று வழி விட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. நான் கோத்தகிரிக்காரி. எங்கள் ஊரில் பால் வாங்கவே ஒரு சரிவு இறங்கி ஒரு சரிவு ஏற வேண்டும். கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வாரக் கடைசியானால் சைக்கிளோடு மலைக்கு ஓடிவிடுவேன். நான் ஓட்டுவது டவுன்ஹில் என்கிற வகை. முன்னும் பின்னும் கனத்த ஷாக் அப்சார்பர் வைத்த சைக்கிளில், உச்சியிலிருந்து அடிவாரம் வரை கல், வேர், சேறு எல்லாவற்றின் மேலும் விழுந்தடித்து இறங்குவது. ஒருவர் பின் ஒருவராக விடுவார்கள். யார் குறைந்த நேரத்தில் இறங்குகிறாரோ அவருக்கு முதலிடம். முப்பது தாண்டித்தான் ஆரம்பித்தேன். முப்பத்தொன்பதிலும் புத்தி வரவில்லை.

ஊரில் நடக்கும் பந்தயங்களில் பெண்களுக்குத் தனிப் பிரிவு வைக்க ஆள் சேராது. அதனால் என்னையும் பையன்களோடு சேர்த்துவிடுவார்கள். அக்கா மகன் வயதுப் பையன்கள். அவர்கள் எல்லோரும் இறங்கி, டீ குடித்து, வண்டியைக் கழுவிக்கொண்டிருக்கும்போது நான் வந்து சேருவேன். மைக் பிடித்தவர் எல்லாருடைய பெயரையும் இடத்தையும் வாசித்துவிட்டு, கடைசியில் "மற்றும் நமது சகோதரி ஒருவர்" என்று முடிப்பார். கைதட்டல் பலமாகத்தான் இருக்கும். ஆனால் எனக்கு இடம் என்று ஒன்று இருந்ததில்லை. கம்பெனி மூன்று வாரப் பயிற்சிக்கு லண்டன் அனுப்புகிறது என்று தெரிந்த அன்று, மற்றவர்கள் பெரிய மணிக்கூண்டையும் பாலத்தையும் தேடியபோது நான் தேடியது வேறு. லண்டனுக்குத் தெற்கே ஒரு குன்றில் வாரக் கடைசிப் பந்தயம் ஒன்று அகப்பட்டது. அதில் முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு என்று தனிப் பிரிவு. அந்த ஒரு வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது.

நான் தங்கவிருந்த வீட்டின் சொந்தக்காரரே விமான நிலையத்துக்குத் தன் சரக்கு வேனை, அவர் சொல்கிற மாதிரி வானை, கொண்டு வந்திருந்தார். பெயர் தவராசா, குட்மேய்ஸ் முழுக்க அவர் தவண்ணை. யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்குப் போய், அங்கே பல வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். கடைகளுக்குச் சரக்கு இறக்குவது தொழில். என் பெட்டியைப் பார்த்ததும் முகம் மாறியது. "என்ன தங்கச்சி, பிரேதப்பெட்டி மாதிரிக் கிடக்கு" என்றார். விஷயத்தைச் சொன்னேன். மலையிலிருந்து சைக்கிளில் இறங்குவதற்கு எதற்குப் பந்தயம், எப்படியும் எல்லோரும் கீழேதானே வந்து சேருவார்கள் என்று கேட்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் இல்லை என்றாலும் வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்கு வண்டியைத் திருப்பினார். புது வாகனம் நாட்டுக்குள் வந்தால் அம்மனுக்குக் காட்டாமல் ஓட்டக் கூடாதாம். வாகனம் புதிதில்லை, நாடுதான் புதிது என்றேன். அதுவும் சேர்த்திதான் என்றார். அர்ச்சனைக்கு ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டார். தேன்மொழி, ரோகிணி என்றேன். தவண்ணை பின்னாலிருந்து, வானுக்குள் இன்னொரு ஆளும் இருப்பதாகவும் அதற்கு நட்சத்திரம் தெரியாது என்றும் சொன்னார். ஐயர் இதைவிட விநோதமானவற்றைக் கேட்டிருப்பார் போல, அசையாமல் மந்திரத்தைத் தொடர்ந்தார். மத்தியானம் கோயிலில் சாப்பாடு. சாம்பாரின் நிறத்தில் இருந்த ஒன்று சாம்பாராக இல்லை, ஆனால் இரண்டு முறை வாங்கினேன்.

தவண்ணையின் மனைவி வதனி அக்கா, உள்ளே வந்தவளை முதலில் எடை போட்டார். தராசால் அல்ல, கண்ணால். இந்தியாவில் சாப்பாடு போடுவதில்லையா என்று கேட்டுவிட்டு இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் கொண்டுவந்து வைத்தார். நான் சொதியை ரசம் மாதிரி டம்ளரில் ஊற்றிக் குடித்ததை அந்த வாரம் முழுக்கத் தொலைபேசியில் உறவினர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அலுவலக நாட்கள் ரயிலிலும் கண்ணாடி அறைகளிலும் ஓடின. ரயிலில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. கோவை டவுன் பஸ்ஸில் இந்நேரம் என் சம்பளம் வரை கேட்டிருப்பார்கள். ஒரு சாயங்காலம் பின்தோட்டத்தில் பெட்டியைப் பிரித்துச் சைக்கிளின் பாகங்களைப் பொருத்தத் தொடங்கினேன். எல்லாம் இருந்தது, பின்சக்கரத்து அச்சைத் தவிர. ஒரு சாண் நீளக் கம்பி. அது இல்லாவிட்டால் பின்சக்கரம் வெறும் அலங்காரம். கோவையில் துடைத்து வைத்த இடம்கூட நினைவுக்கு வந்தது: சமையலறை ஜன்னல் திட்டு.

தொலைபேசியில் கேட்ட கடைகளெல்லாம் அந்த அளவில் இல்லை என்றன. ஸ்ட்ரெதமில் ஒரு கடை மட்டும், வண்டியைக் கொண்டுவந்தால் பொருத்திப் பார்க்கலாம் என்றது. தவண்ணை சரக்கு இறக்கப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்து, பின்சக்கரம் இல்லாத சைக்கிளை ஒரு தோளிலும் பின்சக்கரத்தை மறு கையிலுமாக லண்டனின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ரயிலேறினேன். யாரும் யாரையும் பார்க்காத அந்த ரயிலில் அன்று எல்லோரும் பார்த்தார்கள். ஒரு மூதாட்டி சாவதானமாகப் பக்கத்தில் வந்து, உடைந்துவிட்டதா என்று கேட்டார். இன்னும் முழுதாக வந்து சேரவில்லை என்றேன். அவர் தலையசைத்து, தன் மருமகனும் அப்படித்தான் என்றார்.

அச்சு கிடைத்தது. கடைப் பையன் பொருத்திக் கொடுத்து, பந்தயம் எங்கே என்று கேட்டான். சொன்னேன். "அங்கே பஸ் ஸ்டாப்பை விட்டுவிடாதீர்கள்" என்று சிரித்தான். பஸ்ஸில் போகவில்லை, வான் வருகிறது என்றேன். இன்னும் அதிகமாகச் சிரித்தான்.

சனிக்கிழமை பயிற்சி நாள். வதனி அக்கா முதல் நாளே மட்டன் ரோல்ஸ் பொரித்து ஒரு பெரிய வாளி நிறைய அடுக்கியிருந்தார். நானும் தவண்ணையும் மட்டும்தானே போகிறோம் என்றதற்கு, அங்கே பசித்தவர்கள் இருப்பார்கள்தானே என்றார். நெடுஞ்சாலையில் ஒரு விபத்து; வண்டிகள் நகரவில்லை. தவண்ணை அந்த நெரிசலை ஒரு சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினார். இன்றைக்குப் பரவாயில்லை, போன கிழமை இதைவிட மோசம், நல்ல மூடில் இருந்தால் விட்டுவிடும்.

குன்றைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மரங்கள் அடர்ந்த ஒரு மேடு. கோத்தகிரியில் இதற்குப் பெயர் வைக்க மாட்டார்கள், யாராவது வீடு கட்டியிருப்பார்கள். இதிலா பந்தயம் என்று தவண்ணையிடம் சொன்னேன். அவரும் ஏமாந்துதான் போனார். இதற்கா அம்மனிடம் போனோம் என்பதுபோல் பார்த்தார்.

பதிவு மேசையில் என் பிரிவில் மொத்தம் மூன்று பேர் என்று தெரிந்தது. மற்ற இருவரும் அங்கேயே நின்றிருந்தார்கள். ஒருவர் ஹெலன், ஐம்பத்தெட்டு வயது, பல் மருத்துவர். இந்தக் குன்றின் ஒவ்வொரு வேரோடும் பழக்கமானவர். இந்த விளையாட்டில் தனக்கு நோயாளிகள் பஞ்சமில்லை என்று சொல்லி, தன் முன்பற்கள் இரண்டைக் காட்டி, அவை சொந்தமில்லை என்றார். மற்றவர் கிளேர், ஆரம்பப் பள்ளி ஆசிரியை. இரண்டு சின்னப் பிள்ளைகளை அவர் கணவர் சேற்றில் மேய்த்துக்கொண்டிருந்தார். மூன்று பேர் இல்லாவிட்டால் இந்தப் பிரிவையே எடுத்துவிடுவார்களாம். போன இரண்டு பந்தயங்களில் அவர்களும் பையன்களோடுதான் ஓட்டினார்களாம். நான் வந்ததற்கு இருவரும் என் கையைப் பிடித்துக் குலுக்கியதில் எனக்குத் தோள் வலித்தது.

உச்சிக்குப் போக ஒரு டிராக்டர். அதன் பின்னால் இழுவையில் எங்களையும் சைக்கிள்களையும் சேர்த்து ஏற்றினார்கள். எங்கள் ஊர்த் தேயிலைத் தோட்டத்து டிராக்டர்தான், பெயிண்ட் மட்டும் கூடுதல். மேலே போய் ஹெல்மெட்டை மாட்டி, முட்டிக்காப்பை இழுத்துவிட்டு, இந்த மேட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன்.

முதல் வளைவிலேயே மல்லாந்து விழுந்தேன். நீலகிரியில் பாதை கல்லும் செம்மண்ணும். சக்கரம் பிடிக்கும், பிடித்த இடத்தில் நிற்கும். இங்கே வேர்கள். மழை நனைத்து, நூறு சக்கரம் ஏறி வழவழத்த வேர்கள். அவற்றுக்கு நடுவே சுண்ணாம்புச் சேறு. எழுந்தேன். அடுத்த வளைவில் குப்புற விழுந்தேன். ஒரு திருப்பத்தில் நான் ஒரு பக்கமும் சைக்கிள் மறுபக்கமும் போனோம், கீழே சந்தித்துக்கொண்டோம். நீலகிரிக்காரி என்ற திமிர் பாதித் தூரத்துக்குள் கழுவிப் போயிற்று.

பிறகு பஸ் ஸ்டாப் வந்தது. அது ஒரு பள்ளம். பாதை நேராகப் போய் ஒரு விளிம்பில் சட்டென்று முடியும். மறுபடி தொடங்குவது ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே. வேகத்தைக் குறைக்காமல் வந்து விளிம்பில் சைக்கிளை அப்படியே காற்றில் விட்டால் கீழே சரிவில் சுகமாக இறங்கலாம். பயந்து பிரேக் பிடித்தால் முன்சக்கரம் முதலில் விழும், பின்னால் நீங்களும். வருகிறவர்களெல்லாம் விளிம்பில் வந்து நின்றுவிடுவதால்தான் அந்தப் பெயராம். பக்கத்தில் ஒரு சுற்றுவழி உண்டு. அதில் போனால் சில நொடிகள் வீணாகும், பற்கள் சொந்தமாக இருக்கும்.

நானும் விளிம்பில் வந்து நின்றேன். எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள், உண்மையிலேயே பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல. அன்று மாலை வரை நான் அங்கே நாலு முறை வந்து, நாலு முறையும் நின்று, நாலு முறையும் சுற்றிப் போனேன். கடைசி முறை விளிம்பின் கீழே தவண்ணை குடை பிடித்து நின்றிருந்தார். பளபளக்கும் கறுப்பு ஷூ சேற்றில் புதைந்திருந்தது. "சுத்திப் போங்கோ தங்கச்சி, ஒருத்தரும் பாக்கேல்லை" என்றார் மெதுவாக. சுற்றிலும் ஒரு கூட்டமே பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று மத்தியானம் தவண்ணை ரோல்ஸ் வாளியைத் திறந்தார். பர்கர் வண்டி முன்னால் நின்ற வரிசை கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறியது. ஹெலன் ஒன்றைக் கடித்துவிட்டு, உள்ளே மிளகாயா என்று கண்ணில் நீரோடு கேட்டு, இன்னொன்று எடுத்தார். தவண்ணை எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டே, நனைந்த வேரில் எப்படி ஓட்ட வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் விசாரித்தார். சாயங்காலம் வானில் எனக்கு அதை விளக்கினார். பிரேக்கை விட வேண்டும் என்றுதான் எல்லோருமே சொன்னார்களாம். பயப்படுகிற இடத்தில்தான் அதிகமாக விட வேண்டுமாம். தான் முப்பது வருடமாக வாகனம் ஓட்டுவதாகவும் இப்படியொரு மடத்தனத்தைக் கேட்டதில்லை என்றும் சொன்னார்.

ஞாயிறு காலையிலிருந்தே மழை. போட்டி முறை எளிது. ஒவ்வொருவரும் இரண்டு முறை இறங்கலாம், நல்ல நேரம் கணக்கு. முதல் முறை நான் ஒரு தடவைகூட விழவில்லை. பஸ் ஸ்டாப்பைச் சுற்றிப் போனேன், கௌரவமாகக் கீழே வந்து சேர்ந்தேன். ஹெலன் எங்கோ முன்னால் இருந்தார், அவரைப் பற்றிப் பேசிப் பயனில்லை. ஆனால் கிளேருக்கும் எனக்கும் இடைவெளி மிகக் குறைவு. கிளேர் பஸ் ஸ்டாப்பில் நேராக இறங்கியிருந்தார். வித்தியாசம் கிட்டத்தட்ட அந்தச் சுற்றுவழியின் அளவு. அதாவது, அந்தப் பள்ளத்தில் இறங்கினால் எனக்கு இரண்டாமிடம் வாய்க்கலாம். என் வாழ்க்கையில் முதல் முறையாக எனக்கு முன்னால் ஒருவர் எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருந்தார்.

இரண்டாவது முறை உச்சியில் நின்றபோது முடிவு செய்திருந்தேன். வேர்களில் பிரேக்கை விட்டேன். வழுக்கியது, ஆனால் விழவில்லை. வளைவுகள் ஒழுங்காக வந்தன. பஸ் ஸ்டாப்புக்கு முந்தைய நேர்ப்பாதையில் வந்துவிட்டேன். மனத்தை இரும்பாக்கிக்கொண்டேன். விளிம்பு தெரிந்தது. அதே நேரம் ஒரு சிவப்புக் கொடியும் தெரிந்தது.

பாதையின் குறுக்கே ஒரு பெரியவர் நாயோடு நின்றிருந்தார். தலையில் தொப்பி, கையில் பிரம்பு. அங்கே குறுக்கே போவது பொது நடைபாதையாம். கொடி பிடித்த இளைஞன், பந்தயம் நடக்கிறது, இரண்டு நிமிடம் பொறுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். பெரியவர் குரலை உயர்த்தவில்லை. தாமும் நாயும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குப் பிறகு இந்த வழியாகத்தான் போவது வழக்கம், இந்தப் பாதை சைக்கிள் கண்டுபிடிப்பதற்கு முன்பிருந்தே இருக்கிறது என்று விளக்கினார். நாய் என் முட்டிக்காப்பை முகர்ந்தது. பெரியவர் தொப்பியைத் தொட்டு எனக்கு மதிய வணக்கம் சொல்லி, அழகான வானிலை இல்லையா என்று கேட்டு, நிதானமாகக் கடந்து போனார். மழை கொட்டிக்கொண்டிருந்தது.

என் தவறில்லை என்பதால் மறுபடி ஒரு முறை இறங்கலாம் என்றான் இளைஞன். வயர்லெஸ்ஸில் மேலே சொல்லிவிட்டானாம், எல்லோரும் முடித்த பிறகு கடைசி ஆளாக என்னை விடுவார்களாம். சரி, டிராக்டர் எங்கே என்றேன். டிராக்டர் சேற்றில் அச்சு வரை இறங்கி நின்றுவிட்டது, அதை இழுக்க இன்னொரு டிராக்டர் வந்துகொண்டிருக்கிறது என்றான். ஆகவே நடந்துதான் ஏற வேண்டும்.

அந்தச் சைக்கிளைக் கீழ்நோக்கி ஓட்டுவதற்காகச் செய்திருக்கிறார்கள். மேலே தள்ளுவது சம்மதமில்லாத ஒரு மாட்டை இழுப்பது போன்றது. பத்தடி போவதற்குள் பின்னாலிருந்து பாரம் குறைந்தது. திரும்பினால் தவண்ணை இருக்கையில் கை வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். வேண்டாம், உங்களுக்கு இடுப்பு வலி இருக்கிறதே என்றேன். அது சரக்கு தூக்கினால்தான் வரும், இது சரக்கில்லை என்றார். கறுப்பு ஷூக்களில் ஒன்று சேற்றோடு போய்விட, நின்று தோண்டி எடுத்துப் போட்டுக்கொண்டார்.

பாதி ஏறியதும் இருவருக்கும் மூச்சு முட்டியது. ஒரு மரத்தடியில் நின்றோம். அவர் வேரில் சாய்ந்துகொண்டு, கேலி இல்லாமல் கேட்டார்.

"உண்மையாச் சொல்லுங்கோ. என்னத்துக்கு இதைச் செய்யிறியள்?"

அலுவலகத்தில் சொல்கிற பதில்கள் சில கைவசம் உண்டு. உடற்பயிற்சி, இயற்கை. அவையெல்லாம் அந்த மழையில் வாய்க்கு வரவில்லை.

"கீழ இறங்குறப்ப வேற எதுவுமே ஞாபகம் வராதுங்ணா. அந்த வேர், அடுத்த வேர், அவ்வளவுதான்."

அவர் நெற்றியைத் துடைத்தார். கீழே யாரோ பாதையோரத்து எல்லை நாடாக்களை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"எனக்கு வான் ஓடேக்கைதான் எல்லாம் ஞாபகம் வரும்" என்றார். "விட்டிட்டு வந்தது, வந்த வழி, ஜெர்மனியில கிடந்த அகதிக் காம்ப். ஒண்டும் விடாமல் வரும். வீட்டை வந்து வானை நிப்பாட்டினால்தான் நிக்கும்."

எழுந்து இருக்கையில் மறுபடி கை வைத்தார். உச்சி வரை அவர் தள்ளுவது முன்னைவிட வேகமாக இருந்தது.

மேலே போனதும் அவர் பஸ் ஸ்டாப்பில் நிற்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஓரமாக இறங்கினார். புறப்பாட்டுக் கூடாரத்தைப் பாதி பிரித்துவிட்டார்கள். நேரம் பார்க்கிற பெண்மணி கம்பளியைப் போர்த்திக்கொண்டு எனக்காகவே உட்கார்ந்திருந்தார். தயாரா என்று கேட்டார். தலையை ஆட்டினேன். கடிகாரம் கூவியது.

அந்த இறக்கத்தைத் துண்டு துண்டாகத்தான் சொல்ல முடியும். ஹெல்மெட்டுக்குள் என் மூச்சு, அதில் மட்டன் ரோல்ஸ் வாசம். வேர்களின் மேல் சைக்கிள் மீன்போல நெளிந்தது. ஒரு வளைவில் தோள் மரத்தில் உரசியது. நேர்ப்பாதை வந்தது. விளிம்பு தெரிந்தது. கீழே சின்னதாக ஒரு கூட்டம். மற்ற பந்தயக்காரர்கள் வண்டியைக் கட்டிவிட்டுக் கடைசி ஆளைப் பார்க்க வந்து நின்றிருந்தார்கள். என் விரல் தானாக பிரேக்கின் மேல் போயிற்று. அப்போது தவண்ணையின் குரல் கேட்டது. சுத்திப் போங்கோ என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன்.

"விடு பிள்ளை, விடு!"

ஒரு வாரமாக என்னை நீங்கள் என்று அழைத்த மனிதர். விட்டேன்.

காற்றில் சத்தமே இல்லை. அதைத்தான் நன்றாக நினைவு வைத்திருக்கிறேன். அத்தனை நேரம் கடகடத்துக்கொண்டிருந்த சைக்கிள் சட்டென்று மௌனமாகி, கீழே மண் மெதுவாக என்னை நோக்கி வந்தது. பின்சக்கரம் தொட்டது, முன்சக்கரம் தொட்டது, நான் இன்னும் சைக்கிளின் மேலேயே இருந்தேன். இறங்கிவிட்டேன். கூட்டம் கத்தியது. நானும் கத்தினேன். தமிழிலா ஆங்கிலத்திலா என்று தெரியாது. இரண்டு கைகளில் ஒன்றை மேலே தூக்கியதாக ஹெலன் பிறகு சொன்னார்.

கத்துகிற சந்தோஷத்தில் அடுத்த வளைவை மறந்துவிட்டேன். நேராக நாடாவை அறுத்துக்கொண்டு, பெரணிப் புதருக்குள் புகுந்து, உட்கார்ந்த நிலையிலேயே சைக்கிளோடு நின்றேன். கோத்தகிரியில் இருக்கிற அதே பெரணி. முகத்தில் ஒட்டியதைத் துப்பிவிட்டு, வண்டியைப் பாதைக்கு இழுத்து, மிச்சத் தூரத்தை இறங்கிக் கோட்டைத் தாண்டினேன். ஹேண்டில்பாரில் சிவப்பு வெள்ளை நாடா கல்யாண வண்டியில் தோரணம்போல் பறந்துகொண்டிருந்தது.

பள்ளத்தில் சம்பாதித்ததைப் புதரில் செலவழித்துவிட்டேன். கிளேரைத் தாண்டவில்லை. மூன்றாமிடம்.

மைக்கை ஏற்கெனவே பெட்டியில் வைத்துவிட்டார்களாம், அதனால் பரிசளிப்பு வெறும் வாயால் நடந்தது. மரத்தாலான மூன்று படிகளில் ஒன்று டிராக்டர் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கொடுக்கப் போயிருந்தது. நான் ஒரு கவிழ்த்த பால் கூடையின் மேல் நின்றேன். அறிவிப்பாளர் முதலில் ஹெலனையும் பிறகு கிளேரையும் அழைத்தார். பிறகு காகிதத்தைப் பார்த்து மூச்சை இழுத்துக்கொண்டு, "மூன்றாமிடம், தென்-மோலி" என்றார். மழைக்கு மேலே இன்னும் சத்தமாக இன்னொரு தடவையும் சொன்னார். எங்கள் ஊரில் என் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவர்கள் ஏராளம். இடத்தோடு சேர்த்துச் சொன்னவர் இவர்தான். கிளேரின் சின்ன மகள் என் கையில் ஒரு சின்னப் பதக்கத்தைக் கொடுத்துவிட்டு, அம்மா உங்களைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்று ரகசியம் சொன்னாள். அந்த வாக்கியத்தையும் பதக்கத்தோடு சேர்த்து வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் கதவைத் திறந்த வதனி அக்கா எங்களை உள்ளே விடவில்லை. தவண்ணை பஸ் ஸ்டாப்புக்கு ஓடி இறங்கும்போது வழுக்கி, பாதித் தூரத்தை உட்கார்ந்தே கடந்திருந்தார். என்னைவிட அவர்மேல்தான் சேறு அதிகம். பின்தோட்டத்துக்குப் போகச் சொல்லி, சைக்கிள், கணவர், நான் என்ற வரிசையில் குழாயால் தண்ணீர் அடித்தார். குளிரில் நடுங்கிக்கொண்டே தவண்ணை, "இஞ்சை பாருமப்பா, பிள்ளை மூண்டாவது" என்றார். எத்தனை பேரில் என்று அவர் சொல்லவில்லை. வாளியில் ரோல்ஸ் மிச்சமிருக்கிறதா என்பதுதான் அக்காவின் முதல் கேள்வி. ஒன்றுமில்லை என்றதும் முகம் மலர்ந்தது.

அந்த வாரத்தில் என் மூன்றாமிடம் என்னைவிட வேகமாகப் பயணம் செய்தது. திங்களன்று பக்கத்து வீட்டுக்காரர் தென் இங்கிலாந்தில் மூன்றாவதாக வந்ததற்கு வாழ்த்தினார். புதனன்று ரயில் நிலையத்தில் தவண்ணையின் நண்பர் ஒருவர் என்னை நிறுத்தி, பிரிட்டனிலேயே மூன்றாவதாமே என்றார். தவண்ணையிடம் கேட்டேன். தான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை, சனம்தான் கூட்டுகிறது என்றார். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஊருக்குத் திரும்புவதற்கு முன் மிளகாய்த்தூள் வாங்க அவரோடு குட்மேய்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் நடுத்தர வயது, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். உலகத்திலேயே மூன்றாவதாக வந்த பிள்ளை நீங்கள்தானா என்று விசாரித்தார். தவண்ணை வெண்டிக்காயை ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்க்கத் தொடங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை. உலகமெல்லாம் இல்லை, இங்கே பக்கத்தில் ஒரு சின்னக் குன்று என்றேன்.

"எத்தினை பேர் ஓடினவை?" என்றார் கடைக்காரர்.

"என் பிரிவுல மூணு பேருங்க."

வெண்டிக்காய் ஒடிகிற சத்தம் நின்றுவிட்டது. கடைக்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு யோசித்தார்.

"மற்ற ரெண்டு பேரும் வெள்ளைக்காரியளோ?"

"ஆமாங்க."

"அப்ப, எங்கட ஆக்களுக்குள்ள நீங்கள்தான் முதலாவது" என்று மிளகாய்த்தூளைப் பையில் போட்டார்.

நாங்கள் வாசலைத் தாண்டுவதற்குள் தவண்ணை யாரையோ தொலைபேசியில் அழைத்துவிட்டார். அதன்பிறகு அவர் வாயில் மூன்றாவது என்ற சொல்லை நான் கேட்கவே இல்லை.